அசையும் படமும் அசையாத வில்லையும்: இசைக் காணொளி அலைவரிசைகள் அஞ்சல்தலையில் ஏறும் வழிகள்

1981 ஆகஸ்ட் 1 அன்று நள்ளிரவைக் கடந்த முதல் நிமிடத்தில் அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைக் காணொளி அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியபோது, திரையில் முதலில் வந்தவை எந்தப் பாடகரின் முகமும் அல்ல. விண்கலம் ஏவப்படும் காட்சிகள் வந்தன; நிலவில் நட்ட கொடியின் இடத்தில் அலைவரிசையின் சின்னம் நிறம் மாறி மாறி மின்னியது. அந்த விண்வெளிப் படங்களை எடுத்தது நாசா. அமெரிக்கக் கூட்டரசின் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை என்பதால், கையில் அதிகப் பணம் இல்லாத புதிய நிறுவனம் அவற்றைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. அஞ்சல்தலை சேகரிப்போர் இந்தத் தொடக்கக் காட்சியில் இன்னொன்றையும் கவனிப்பார்கள். அதே நிலவுப் பயணத்துக்கு அமெரிக்க அஞ்சல் துறை 1969 செப்டம்பர் 9 அன்றே 10 சென்ட் வான் அஞ்சல்தலை வெளியிட்டிருந்தது. பால் காலே வரைந்த அந்த அஞ்சல்தலையின் மூல அச்சு அப்பல்லோ 11 கலத்திலேயே நிலவுக்குப் போய்த் திரும்பியது. நிலவில் கால் பதித்து இரண்டு மாதம் நிறைவதற்குள் அஞ்சல்தலை வந்துவிட்டது. நிலவைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட அலைவரிசையின் காலத்துக்கு அஞ்சல்தலை வர ஏறக்குறைய 19 ஆண்டுகள் பிடித்தன. அப்போதும் அது நேர்வழியில் வரவில்லை.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அஞ்சல் சேவை 1980களை நினைவுகூரும் தாள் ஒன்றை வெளியிட்டது. நூற்றாண்டைக் கொண்டாடும் பெருந்தொடரில், பத்தாண்டுக்கு ஒரு தாளாகவும் தாளுக்கு 15 அஞ்சல்தலைகளாகவும் மொத்தம் 150 அஞ்சல்தலைகள் வந்தன; 1950கள் தொடங்கி 1990கள் வரையிலான தாள்களின் பொருள்களைப் பொதுமக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1980களுக்கான தாளில் விண்வெளி ஓடம், பெர்லின் சுவரின் வீழ்ச்சி, வியட்நாம் போர் வீரர் நினைவுச் சின்னம் ஆகியவற்றோடு குறுந்தகடு, காணொளி விளையாட்டு, தனிநபர் கணினி, ஹிப் ஹாப் பண்பாடு ஆகியனவும் இடம்பெற்றன. அவற்றின் நடுவே ஒன்றுக்குத் தலைப்பு ‘கேபிள் தொலைக்காட்சி’. நாள் முழுவதும் பாட்டை மட்டுமே ஒளிபரப்பும் ஒரு நிலையத்தைப் பிழைக்க வைத்த தொழில்நுட்பம் அதுதான். ஆனால் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. குழாய்க்கு மரியாதை கிடைத்தது. குழாய் வழியே வந்தவருக்குக் கிடைக்கவில்லை. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. இசைக் காணொளி அலைவரிசை என்ற ஒன்றை அஞ்சல்தலையில் ஏற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்ற கேள்விக்கு விடை, அஞ்சல்தலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1840 மே மாதம் பிரிட்டனில் பிறந்த அஞ்சல்தலை, முதல் முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் அரசியின் தலையையோ நாட்டின் சின்னத்தையோ எண்ணையோ தாங்கிய வெறும் கட்டணச் சீட்டாகவே இருந்தது. ஒரு நிகழ்வை நினைவுகூரும் வழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது, தன் முதல் இருப்புப்பாதையின் இருபதாம் ஆண்டையொட்டிப் பெரு நாடு 1871இல் வெளியிட்ட 5 சென்டாவோ அஞ்சல்தலையை. ஓர் இரயில் பாதையை, அதாவது ஒரு போக்குவரத்துக் குழாயைக் கொண்டாடியபடியே நினைவு அஞ்சல்தலை பிறந்தது என்பது இந்தக் கட்டுரையின் பொருளுக்குப் பொருத்தமான வேடிக்கை. வணிக வாடை வெகு சீக்கிரமே கூட வந்து சேர்ந்தது. 1893இல் சிகாகோவில் நடந்த கொலம்பஸ் கண்காட்சிக்காக அமெரிக்கா 1 சென்ட் முதல் 5 டாலர் வரை 16 மதிப்புகளில் வெளியிட்ட தொடர், சேகரிப்போரின் பையைக் குறிவைத்தது என்ற புகாருக்கு ஆளானது. அன்றைய 5 டாலர் அஞ்சல்தலையை ஒட்டி அனுப்பும் அளவுக்குக் கனமான பொதி யார் வீட்டிலும் அன்றாடம் இருந்ததில்லை. 1895இல் லண்டன் சேகரிப்போர் இத்தகைய ஆதாய வெளியீடுகளைப் புறக்கணிக்கவென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை என்றாலும், அரசின் முத்திரை சந்தைச் சரக்காகிவிடக் கூடாது என்ற கூச்சம் அதன் பின் அஞ்சல் நிர்வாகங்களின் விதிகளில் நிலையாகக் குடியேறியது.

அமெரிக்காவில் இந்தக் கூச்சத்துக்கு எழுத்து வடிவம் தந்தது, 1957இல் அமைக்கப்பட்ட குடிமக்கள் அஞ்சல்தலை ஆலோசனைக் குழு. பொதுமக்கள் அனுப்பும் பரிந்துரைகளைப் பரிசீலித்து அஞ்சல் துறைத் தலைவருக்கு முன்வைப்பது அதன் வேலை. அதன் அளவுகோல்களில் இரண்டு இங்கே முக்கியமானவை. வணிக நிறுவனங்களையோ விற்பனைப் பொருள்களையோ விளம்பரப்படுத்தும் அஞ்சல்தலை வெளியிடப்படாது என்பது முதலாவது. ஆனால் அமெரிக்கப் பண்பாட்டின் பொதுவான ஒரு கருத்தை விளக்குவதற்காக அத்தகைய பொருள்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற சலுகையும் அதனோடு சேர்ந்தே வந்தது. வரலாற்று நிகழ்வுகள் 50 ஆண்டுகளின் மடங்குகளில் வரும் நிறைவு நாள்களில்தான் பரிசீலிக்கப்படும் என்பது இரண்டாவது. கேபிள் தொலைக்காட்சி என்ற தலைப்பு அந்தச் சலுகையின் வாசல் வழியாக உள்ளே வந்ததாகவே நான் புரிந்துகொள்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் அது சார்ந்த காலத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

இசை அலைவரிசையைப் பொறுத்தவரை ‘நிறுவனம்’ என்ற சொல்லே வழுக்குகிறது. எம்டிவியைத் தொடங்கியது வார்னர் கம்யூனிகேஷன்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகிய இரண்டின் கூட்டு நிறுவனம். சில ஆண்டுகளுக்குள் அது வயாகாம் என்ற ஊடக நிறுவனத்தின் கைக்குப் போனது. கனடாவில் 1984 ஆகஸ்டில் தொடங்கிய மச்மியூசிக்குக்கும், ஜெர்மனியில் 1993 டிசம்பர் 1 அன்று தொடங்கிய விவாவுக்கும் இதே போல் உரிமை கை மாறிய வரலாறு உண்டு. ஒரு பாலத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அஞ்சல்தலை வெளியிட்டால், வெளியிட்ட பொருள் அங்கேயே நிற்கும். அலைவரிசையின் பெயரோ ஒரு வணிகக் குறி. இன்று ஒருவருடைய சொத்து, நாளை இன்னொருவருடையது. அதற்குத் தரும் மரியாதை யாரிடம் போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு அஞ்சல் நிர்வாகத்திடம் எளிய பதில் இருக்க முடியாது.

பொது ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. பிரிட்டன் 1972இல் பிபிசியின் ஐம்பதாம் ஆண்டை ஒலிபரப்பு ஆண்டு நிறைவுத் தொடரில் கொண்டாடியது. கனடா 1986இல் சிபிசியின் ஐம்பதாம் ஆண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நாட்டின் பணத்தில் நடக்கும் நிலையத்தை நாட்டின் அஞ்சல் கொண்டாடுவதில் யாருக்கும் நெருடல் ஏற்படாது. விளம்பர வருமானத்தில் நடக்கும் நிலையத்துக்குப் பிரிட்டன் கண்ட வழிதான் சுவையானது. ஐடிவியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2005 செப்டம்பரில் பிரிட்டனின் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் வெளியிட்ட ஆறு அஞ்சல்தலைகளும் ஆறு நிகழ்ச்சிகளுக்கானவை. துப்பறியும் தொடர், நகைச்சுவைத் தொடர், கலை இதழ் நிகழ்ச்சி, வினாடி வினா எனப் பார்வையாளர் நினைவில் நின்ற தலைப்புகளை அடுக்கி, அவற்றைப் பெற்றெடுத்த அலைவரிசையை அந்தத் தொடர் மறைமுகமாக வாழ்த்தியது. நிறுவனத்தைக் கொண்டாடாமல் அதன் விளைச்சலைக் கொண்டாடும் இந்த முறை இசை அலைவரிசைக்குப் பொருந்துமா என்று பார்த்தால், அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. ஐடிவி தன் தொடர்களைத் தானே உருவாக்கியது அல்லது உருவாக்கச் சொல்லிக் காசு கொடுத்தது. இசை அலைவரிசை ஒளிபரப்பிய காணொளிகளில் பெரும்பாலானவை இசைத்தட்டு நிறுவனங்கள் தம் பாடகர்களை விளம்பரப்படுத்தத் தம் செலவில் எடுத்துக் கொடுத்தவை. அலைவரிசைக்குச் சொந்தமாக இருந்தவை அதன் சின்னம், அறிவிப்பாளர்கள், இடையிடையே வரும் குட்டி அசைவோவியங்கள், ஒரு தலைமுறை அங்கே கூடியது என்ற பெயர் ஆகியவைதாம். இவற்றை எப்படி 4 சென்டிமீட்டர் அகலத்தில் வரைவது?

ஆகவே அஞ்சல் நிர்வாகங்கள் அலைவரிசையை விட்டுவிட்டு, அதன் வழியே புகழ் பெற்றவர்களைத் தேடிப் போயின. இங்கும் காலம் குறுக்கே நின்றது. உயிரோடு இருப்பவரை அஞ்சல்தலையில் காட்டக் கூடாது என்ற மரபு பல நாடுகளில் நெடுங்காலம் உறுதியாக இருந்தது; பிரிட்டனில் அரச குடும்பத்துக்கு மட்டுமே விலக்கு. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர்கள் நீங்கலாக மற்றவர்கள் இறந்து 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2007இல் அது 5 ஆண்டுகளாகக் குறைந்தது. 2011இல் உயிரோடு இருப்பவரையும் சேர்க்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த முடிவும் கைவிடப்பட்டு, இறந்து 3 ஆண்டுகள் என்ற நிலைக்கு விதி வந்து சேர்ந்தது. இசைக் காணொளியின் இயல்போ இதற்கு நேரெதிர். அதன் நாயகர்கள் இருபது வயதைத் தாண்டிய இளைஞர்கள். அவர்கள் உச்சத்தில் இருக்கும்போதே அலைவரிசையும் உச்சத்தில் இருக்கும். அவர்கள் அஞ்சல்தலைக்குத் தகுதி பெறும் நாளில் அவர்களுடைய பார்வையாளர்கள் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

இந்த விதி எத்தனை நுணுக்கமாகக் காக்கப்பட்டது என்பதற்கு 1999இல் நடந்த சலசலப்பு சான்று. ஆயிரமாண்டு நிறைவுத் தொடரில் ராயல் மெயில் குயீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு 19 பென்ஸ் அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் 1991இல் காலமானவர், ஆகவே விதிப்படி தடை ஏதும் இல்லை. ஆனால் மேடைப் படத்தின் பின்னணியில், முரசுகளுக்குப் பின்னால் அக்குழுவின் ரோஜர் டெய்லர் மங்கலாகத் தெரிந்தார். அவர் உயிரோடு இருந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வாழும் சேகரிப்போர் அதைச் சும்மா விடவில்லை. பிற்பாடு ராயல் மெயில் இந்த மரபைத் தளர்த்தியது: 2020இல் குயீன், 2022இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2023இல் அயர்ன் மெய்டன், 2024இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் எனத் தொடர்ந்து வந்த வெளியீடுகளில் வாழும் இசைக்கலைஞர்கள் தயக்கமின்றி இடம்பெற்றார்கள்.

கரீபியப் பகுதியில் 1985இல் நடந்தது இன்னும் கூர்மையானது. 1983 இறுதியில் எம்டிவியில் அறிமுகமான ஒரு நீளமான காணொளியால் உலகெங்கும் பேசப்பட்ட மைக்கேல் ஜாக்சனுக்குப் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் அஞ்சல்தலைத் தொடர் தயாரித்தது. பிரிட்டிஷ் அரசியின் தலை பொறிக்கப்படும் அஞ்சல்தலையில் வாழும் பாப் பாடகரா என்ற ஆட்சேபம் எழ, அச்சிடப்பட்ட தொடர் வெளியாகாமல் நின்றுபோனது. அதே ஆண்டு, அதற்குள் விடுதலை பெற்றிருந்த செயின்ட் வின்சென்ட் தன் பெயரில் மைக்கேல் ஜாக்சன் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. இசைக் காணொளிக் காலத்தின் முகம் ஒன்று, அந்தக் காலம் முடியும் முன்னரே அஞ்சல்தலை ஏறியது இப்படித்தான்: அந்த முகத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சிறு நாட்டின் பெயரில், உள்ளூர்க் கடிதங்களைவிட வெளிநாட்டுச் சேகரிப்போரை நம்பி.

அஞ்சல் நிர்வாகங்கள் ஏன் பாடகர்களை நாடுகின்றன என்பதை 1993 ஜனவரி 8 அன்று வெளிவந்த எல்விஸ் பிரெஸ்லி அஞ்சல்தலை விளக்கும். இளம் எல்விஸா, நடுவயது எல்விஸா என்று முந்தைய ஆண்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 12 லட்சம் வாக்குகள் வந்தன. இளையவர் எளிதாக வென்றார். 29 சென்ட் மதிப்புள்ள அந்த அஞ்சல்தலை சுமார் 50 கோடி அச்சிடப்பட்டது. இதன் பின்னுள்ள கணக்கு எளிமையானது. விற்ற அஞ்சல்தலை கடிதத்தில் ஒட்டப்பட்டால் அஞ்சல் துறை அந்தக் கடிதத்தைச் சுமக்க வேண்டும். வாங்கியவர் அதைப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டால், செய்யாத சேவைக்கு முன்பணம் பெற்றது போல. பாடகரின் முகத்தை மக்கள் பூட்டி வைப்பார்கள். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் சின்னத்தைப் பூட்டி வைப்பார்களா என்பது ஐயமே. விதியின் கூச்சத்துக்கு அப்பால், அலைவரிசைகள் ஒதுங்கி நிற்க நேர்ந்ததற்கு இந்த வருமானக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வருமானம் உறுதி என்று தோன்றினால் கூச்சம் குறையும் என்பதற்கும் சான்று இருக்கிறது: 2013இல் அமெரிக்க அஞ்சல் சேவை ஹாரி பாட்டர் திரைப்படங்களின் காட்சிகளோடு 20 அஞ்சல்தலைகளை வெளியிட்டபோது, அமெரிக்கப் பொருளும் அல்லாத வணிகப் பண்டம் ஒன்றுக்கு ஆலோசனைக் குழுவை ஒதுக்கிவிட்டு இடம் தரப்பட்டது என்று சேகரிப்போர் கொதித்தார்கள்.

வடிவமைப்புச் சிக்கல் இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. 2010 ஜனவரியில் ராயல் மெயில் பத்து இசைத்தட்டு உறைகளை அஞ்சல்தலையாக்கியது. உறையின் வலப்பக்கம் கறுப்புத் தட்டு சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்க, அஞ்சல்தலையின் விளிம்பும் அதற்கேற்ப வளைந்து வெட்டப்பட்டிருந்தது. அழகான தொடர். அது எளிதாக அமைந்ததற்குக் காரணம், இசைத்தட்டு உறை ஏற்கெனவே சதுரத்துக்குள் உறைந்த ஒரு படம் என்பதுதான். பெரிய சதுரத்தைச் சின்னச் சதுரமாக்கினால் போதும். இசைக் காணொளியில் அப்படி ஒரு படம் கிடையாது. நான்கு நிமிடத்தில் ஓடி மறையும் ஆயிரக்கணக்கான சட்டகங்களில் எதைத் தேர்ந்தாலும் மிஞ்சுவது பாடகரின் நிழற்படம். அசைவும் வெட்டும் தாளமும் போய்விடுகின்றன. எம்டிவியின் சின்னமோ இதற்கும் ஒரு படி மேல். நியூயார்க்கின் மன்ஹாட்டன் டிசைன் என்ற சிறு வடிவமைப்பகம் உருவாக்கிய அச்சின்னத்தில் தடித்த ‘எம்’ எழுத்தின் உருவம் மட்டுமே நிலையானது. அதை நிரப்பும் நிறமும் பரப்பும் ஒவ்வொரு முறையும் மாறும்படி விடப்பட்டன. மாறிக்கொண்டே இருப்பதையே அடையாளமாகக் கொண்ட ஒன்றின் எந்த முகத்தை அச்சில் நிறுத்துவது?

தாளை அசைய வைக்கவும் பேச வைக்கவும் முயன்றவர்கள் உண்டு. பூட்டான் 1967இல் வரிவரியான நெகிழி வில்லைப் பரப்பு மூலம் ஆழம் தெரியும் விண்வெளி அஞ்சல்தலைகளை வெளியிட்டது. 1973இல் அதையும் தாண்டி, இசைத்தட்டு இயந்திரத்தில் வைத்தால் உண்மையிலேயே ஒலிக்கும் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. நாட்டுப் பண்ணும் நாட்டார் பாடல்களும் நாட்டின் வரலாறும் அந்தச் சின்ன வட்டங்களில் பதிவாகியிருந்தன. முதலில் விளையாட்டுப் பொருள் என்று எள்ளப்பட்ட அவை இன்று சேகரிப்போர் தேடி அலையும் அரும்பொருள்கள். நெதர்லாந்து 2010இல் ஓர் அஞ்சல்தலைக்குள் 30 சட்டகங்களை அடுக்கி, சாய்த்துப் பார்த்தால் நடிகை காரிஸ் வான் ஹவுட்டன் அசையும் ஒரு குறும்படத்தையே ஒட்டியது. அதை இயக்கியவர் ஆன்டன் கார்பைன். இசைக் காணொளி இயக்கத்தில் பெயர் பெற்றவர், டெப்பெஷ் மோட் குழுவுக்குப் பல காணொளிகளை எடுத்தவர். எந்த அலைவரிசையின் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் இசைக் காணொளிக் கலையின் இயல்புக்கு மிக அருகில் வந்த அஞ்சல்தலை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கைபேசியின் ஒளிப்படக் கருவியைக் காட்டினால் இணையக் காணொளி திறக்கும் அஞ்சல்தலையை ராயல் மெயில் அதே ஆண்டு இரயில் தொடருக்காகச் செய்து பார்த்தது. அதில் அசைவது கைபேசித் திரைதான். அஞ்சல்தலை ஒரு சாவியாக நின்றுவிடுகிறது.

உரிமைச் சிக்கலைத் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்க அஞ்சல் சேவை சுதந்திரதேவி சிலையின் முகம் என்று எண்ணி, லாஸ் வேகாஸில் நிற்கும் நகல் சிலையின் படத்தை அஞ்சல்தலையாக்கி 2010 முதல் விற்றது. நகலைச் செதுக்கிய சிற்பி வழக்குத் தொடர்ந்தார். 2018இல் அவருக்கு 35 லட்சம் டாலர் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. அசையாத ஒரு சிலை முகத்துக்கே இந்தப் பாடு. இசைக் காணொளியின் ஒரு சட்டகத்தில் இசைத்தட்டு நிறுவனத்தின் படைப்புரிமை, பாடகரின் உருவ உரிமை, அலைவரிசையின் வணிகக்குறி உரிமை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. யாரிடமும் கேட்காமல் நாசாவின் நிலவுப் படத்தை எடுத்துத் தொடங்கிய ஒரு துறை, பிறர் தன் படத்தைக் கேட்காமல் எடுக்க முடியாத நிலைக்கு வளர்ந்துவிட்டது.

நேர்வழி இப்படி அடைபட்டிருக்க, பக்கவாசல் ஒன்று 1999இல் திறந்தது. ஆஸ்திரேலியா மெல்பர்னில் நடந்த உலக அஞ்சல்தலைக் கண்காட்சியில், வாடிக்கையாளர் தரும் படத்தை அஞ்சல்தலையோடு ஒட்டிய துண்டில் அச்சிட்டுத் தரும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. கனடாவும் பிரிட்டனும் அடுத்த ஆண்டே தொடர்ந்தன. அமெரிக்காவில் தனியார் வழியாக 2004இல் சோதனையாகத் தொடங்கிய இவ்வகை 2020இல் நிறுத்தப்பட்டது. இதன்படி கட்டணம் செலுத்தினால் ஒரு திருமணத் தம்பதியும் அஞ்சல்தலையில் வரலாம், ஒரு கடையும் வரலாம், ஒரு தொலைக்காட்சி நிலையமும் வரலாம். நிறுவனங்கள் தம் ஆண்டு விழாவில் இத்தகைய தாளை அச்சிட்டு, அஞ்சல் அதிகாரியை மேடைக்கு அழைத்து வெளியிடும்போது, செய்தியில் அது ‘நினைவு அஞ்சல்தலை வெளியீடு’ என்றே இடம்பெறுகிறது. பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாடு தேர்ந்தெடுத்துச் செய்த மரியாதைக்கும் வாடிக்கையாளர் பணம் கட்டிப் பெற்ற அச்சுச் சேவைக்கும் இடையிலான கோடு அங்கே அழிந்துபோகிறது. சிறப்பு உறையும் சிறப்பு முத்திரையும் இதே போன்றவை: முத்திரை அஞ்சலகத்தினுடையது, உறையில் ஒட்டியிருப்பது ஏதோ ஒரு பொது அஞ்சல்தலை, உறையில் அச்சிட்ட படம் மட்டுமே விழா எடுப்பவருடையது.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. மதிப்பும் நாட்டின் பெயரும் எந்தத் துண்டில் இருக்கின்றன, படம் எந்தத் துண்டில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே துளைவரிசை ஓடினால் படம் இருப்பது வெறும் இணைப்புத் துண்டு. கிழித்து எறிந்தாலும் கடிதம் போய்ச் சேரும். ஒரே துண்டில் இரண்டும் இருந்தால், அந்நாட்டின் ஆண்டு வெளியீட்டுப் பட்டியலையும், ஸ்காட், ஸ்டான்லி கிப்பன்ஸ், மிக்கேல், ஈவேர் போன்ற பெரும் பட்டியல் நூல்களையும் பார்த்து உறுதி செய்யலாம். பட்டியல் நூல்கள் பொது வெளியீட்டுக்குத் தரும் தனி எண்ணைத் தனிப்பயன் அஞ்சல்தலைகளுக்குப் பெரும்பாலும் தருவதில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அது அஞ்சல்தலையே அல்ல. 1990களில், சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு, உருவாகிக்கொண்டிருந்த அல்லது உருவாகவே இல்லாத ஆட்சிப் பகுதிகளின் பெயரில் பாப் பாடகர்களும் திரை நட்சத்திரங்களும் நிறைந்த தாள்கள் சந்தையில் கொட்டின. அப்காசியாவின் பெயரில் வந்த ஒன்று மார்க்ஸ், லெனின் என்ற இணையைக் கேலி செய்து, நகைச்சுவை நடிகர் குரௌச்சோ மார்க்ஸையும் பாடகர் ஜான் லெனனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. சிரிப்பு வந்தாலும், அவற்றை ஒட்டிய கடிதம் உலக அஞ்சல் வலையில் செல்லாது. உலக அஞ்சல் ஒன்றியம் 2002 ஜனவரி முதல் உறுப்பு நாடுகளின் உண்மையான வெளியீடுகளுக்குப் பதிவு எண் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியதற்கு இத்தகைய போலிகளின் வெள்ளமே காரணம். இசை தொடர்பான பகட்டான தாள் ஒன்றில் அறிமுகமில்லாத நாட்டின் பெயரைப் பார்த்தால், வாங்கும் முன் அந்தப் பதிவில் தேடுவது நல்லது.

எல்லாத் தடைகளும் நீங்கினாலும் காலக்கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. 50 ஆண்டு அளவுகோலின்படி அமெரிக்காவில் இசை அலைவரிசையின் பிறப்பு 2031இல்தான் பரிசீலனைக்கு வரும். வெளியீட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பரிந்துரை போய்ச் சேர வேண்டும் என்பதால், ஆர்வலர்கள் 2028இலேயே மனு எழுத வேண்டும். அதற்குள் கொண்டாடப்படும் பொருள் எஞ்சியிருக்குமா என்பது வேறு கேள்வி. எம்டிவி தன் சின்னத்தின் அடியிலிருந்த ‘இசைத் தொலைக்காட்சி’ என்ற சொற்களை 2010இலேயே நீக்கிவிட்டது. ஜெர்மனியின் விவா 25 ஆண்டுகள் முடிந்து 31 நாள்களில், 2018 டிசம்பர் 31 அன்று, ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஐம்பதாம் ஆண்டு என்று ஒன்று அதற்கு வரப்போவதில்லை. அந்த அலைவரிசைகள் வளர்த்த இசைக்கோ அஞ்சல்தலை வந்துகொண்டுதான் இருக்கிறது. 1980களின் தாளில் ஒரு மூலையில் நின்ற ஹிப் ஹாப், 2020 ஜூலையில் அமெரிக்காவில் நான்கு அஞ்சல்தலைகளைத் தனக்கே பெற்றது. அவற்றிலும் புகழ்பெற்ற பெயர் எதுவும் இல்லை, பாடுவதும் ஆடுவதும் தட்டு சுழற்றுவதும் சுவரில் எழுதுவதும்தான் இருந்தன.

அமெரிக்கா 1861 முதல் வெளியிட்ட எந்த அஞ்சல்தலையையும் செல்லாது என்று அறிவித்ததில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி அஞ்சல்தலையை இன்றும் உறையில் ஒட்டலாம். அதன் மதிப்பு 33 சென்ட். 2025 ஜூலையில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 78 சென்ட் ஆனது. அந்தக் கணக்கில் இரண்டு ஒட்டினாலும் 12 சென்ட் குறைந்தது.